ஒரே வட்டம்

அந்தப் பக்கமாகவே வந்து ஒட்டிக்கொள்ளாதீர்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிடத் தையல்நாயகிக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் வீட்டில் இருந்துகொண்டு, அவர் வாங்கிப் போடுகிற அரிசியைத் தின்றுகொண்டு, அப்படியெல்லாம் சொல்ல முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து பார்க்கிறாள், தீனதயாளன் அவளுக்கு இடது பக்கமாகவே வருகிறார். அவள் பூக்காரியைச் சுற்றிக்கொண்டு போனால் இவரும் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி இடது பக்கத்தில் நிற்கிறார். தோள் உரசுகிறது. மாமியாரை இடித்துக்கொண்டு நடக்கிற மருமகனை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கிறது, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நடை, கையில் செல்போன், அதில் அவரே தேடிப் பிடித்த மைக்ராஸ்கோப் படங்கள். தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறவருக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும், கேனுக்கு மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். தையல்நாயகி மனசுக்குள் அவருடைய காலரில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். செருப்பில் ஒன்று. அந்த நடையில் ஒன்று. ஒட்டி முடித்ததும் வழக்கம்போல, ஆத்தா மன்னிச்சுக்கோ என்று சமயபுரத்தாளிடம் சொல்லிக்கொண்டாள், மனசுல நெனச்சதுதானே, வாயில ஒண்ணும் வரலையே.

இந்த அம்பு துவாக்குடி கம்பெனியில் பிடித்த பழக்கம். அங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மற்ற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எலெக்ட்ரானிக் போர்டில் ஈயம் பற்றவைப்பார்கள், சீரகம் அளவு சாமான்கள், அதைவிடச் சின்னதும் உண்டு. எல்லாம் கடைசியில் அவள் முன்னால் வரும். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பாள். ஈயம் கூடிப்போயிருந்தால், குறைந்திருந்தால், சாமானின் இரண்டு காலை ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் நகத்துணுக்கு மாதிரி ஒரு சிவப்பு அம்பு ஒட்டி ஒதுக்கிவிடுவாள். பேசவே வேண்டாம். அம்பு பேசும். முதுகுக்குப் பின்னால் அம்புக்காரி என்று சொல்வார்கள், அது அவள் காதில் விழும்படியே சொல்வார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு. பிறகு கம்பெனி ஓசூருக்குப் போயிற்று, நாற்காலியும் போயிற்று, அம்பு மட்டும் அவளோடு திருவெறும்பூருக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டது. மகள் மேகலா புடவை மடிக்கிற லட்சணத்தில் அம்பு. எதிர்வீட்டுக்காரி புள்ளி தப்பிப் போடுகிற கோலத்தில் அம்பு. மருமகன் சாப்பிடும்போது, அத்தை இதைக் கொஞ்சம் இப்படி வைங்க என்று அவளுடைய டம்ளரை எடுத்து வலது பக்கமாக நகர்த்தி வைப்பாரே, அந்தக் கையில் தினமும் ஒரு அம்பு. தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தெரியாத மனிதர். அடுத்தவர் டம்ளர் எங்கே இருந்தால் இவருக்கென்ன.

மைக்ராஸ்கோப் கடை மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. படி ஏறும்போது இடது இடுப்பில் கைப்பிடிக் கம்பி இடித்தது. கம்பியை இப்படியா நீட்டி வைப்பார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே கன்றிப்போய் இருந்தது, வீட்டுக் கேட் இடித்தது. கேட்டும் சரியில்லை, கொண்டி தொங்குகிறது, மருமகனிடம் சொன்னால் அதையும் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். இவள் இங்கே வந்திருப்பது அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது என்பதற்காக. கம்பெனியில் கூட வேலை பார்த்த பிலோமினா இப்போது காது கேட்கிற மெஷின்களை ரிப்பேர் பார்க்கிறாள், வீட்டிலேயே, கை நிறைய வேலை; நீயும் கொஞ்சம் பாரேன் தையலு, உன் கண்ணு மாதிரி யாருக்கு வரும் என்று சொல்லி, பஞ்சு வைத்த டிபன் டப்பாவில் சில மெஷின்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். இதைச் சரியாகச் செய்துகொடுத்தால் மேலே மேலே வரும். இல்லையென்றால் டப்பா திரும்பிப் போகும், இவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, பேத்தியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டு, அம்மா நீ பேசாம உக்காரேன் என்று மேகலா சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்காரேன். அந்த ஒரு சொல்லில் ஒரு அம்பு. டப்பாவில் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பற்றவைக்கப் பார்த்தாள். ஈயம் உருக்குகிற அயர்ன் பட வேண்டிய இடத்தில் படாமல் பக்கத்தில் பட்டு, போர்டிலிருந்து செம்புத் தகடு உரிந்து வந்துவிட்டது. பல்பு சரியில்லை. மேகலா வீட்டு பல்பு எப்போதுமே மஞ்சள். அந்த மெஷினைப் பஞ்சுக்கு அடியில் வைத்தாள், அதைப் பற்றி மறுபடி நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

கடைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. நெற்றியில் சந்தனம், காதில் ஒரு ஒயர், மருமகனைப் பார்த்து, யாருக்கு சார் என்றார். அத்தைக்கு என்றார் மருமகன். ஓ, பொழுதுபோக்குக்கா என்றார் கடைக்காரர். சந்தனத்தின் நடுவில் சரியாக ஒரு அம்பு. அவர் முதலில் எடுத்துக் காட்டியது பேனா மாதிரி ஒன்று, அதைப் போர்டுக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி ஒட்டி வைத்தால்தான் படம் தெரியும். இதுக்கு அடியில அயர்னை எங்கே நுழைக்கறது தம்பி என்று தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை, இல்ல மேடம், ஆயிரம் மடங்கு பெரிசாக் காட்டும் என்றார். ஆயிரம் மடங்கு. ஈயம் உருகுகிற சூட்டில் அந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகுவதை ஆயிரம் மடங்கு பெரிசாகப் பார்க்கலாம். அடுத்தது மருமகன் சிபாரிசு, குட்டி டிவி மாதிரி ஸ்கிரீன் வைத்தது. வீட்டில் ஒரு வாரமாகச் சாப்பாட்டுக்கு நடுவில் இதே பேச்சு. இதுல குனியவே வேண்டாம் அத்தை, நேரா உக்காந்து பாக்கலாம், கண்ணுக்கும் சிரமம் இல்ல என்று. இப்போதும் அதையே சொன்னார். தையல்நாயகி ட்வீசரை எடுத்து லென்ஸுக்கு அடியில் ஆட்டிப் பார்த்தாள். கை நகர்ந்தது, கொஞ்சம் பொறுத்து ஸ்கிரீனில் இருந்த கை நகர்ந்தது. நொண்டிக்கொண்டு பின்னாலேயே வருகிற கை. கல்யாண வீட்டு வாசலில் டிவி வைத்து உள்ளே தாலி கட்டுவதைக் காட்டுவார்களே, அதைப் பார்த்துக்கொண்டு தாலி கட்ட முடியுமா. இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு, செய்கிறவர்களுக்கு இல்லை. செல்போன் கடைப் பையன்களுக்குப் போதும். எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க என்றார் கடைக்காரர். எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதே இதில் ஒட்ட வேண்டிய அம்பு. ரெண்டு கண்ணால பாக்கறது இருக்கா என்று கேட்டாள். இருக்கு, ஆனா அது ரொம்பப் பெரிய ஆளுங்க வாங்கறது என்று இழுத்தார். மருமகன் என்னவோ சொல்ல வந்து நிறுத்தியதை அவள் கவனித்தாள். செலவைப் பற்றி இருக்கும். அவள் கம்பெனிக் காசு அவள் பெயரில் இருக்கிறது, இவர் கேன் காசில் வாங்கவில்லை. எடுங்க தம்பி என்றாள்.

பரணிலிருந்து அது இறங்கி வந்தபோது அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கனமான அடிக்கட்டை, மேலே சாய்ந்த இரண்டு குழல், குழலின் வாயில் கறுப்பு ரப்பர், கீழே போர்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் கை தாராளமாகப் போய்வர இடம். இது சாமான். இதன் முன்னால் அந்தக் குட்டி டிவி வெட்கப்பட்டுக்கொண்டு போய் மூலையில் நிற்க வேண்டும். கடைக்காரர் தூசியைத் துடைத்து, லைட்டைப் போட்டு, பழைய போர்டு ஒன்றை அடியில் வைத்துவிட்டு, அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். முதல்ல ரெண்டு வட்டமாத்தான் தெரியும் மேடம், இந்தக் குழல் ரெண்டையும் உங்க கண்ணு அகலத்துக்கு மெதுவா அகட்டணும், அப்புறம் ஒண்ணா சேரும், பொறுமையாப் பாருங்க. எனக்கே. அந்தக் கம்பெனி நாற்காலியிலேயே நரைத்தவளுக்கே. புதுசாக வந்த பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அக்கா ரெண்டு நிலா தெரியுதுக்கா என்று கண்ணில் தண்ணீர் வர நிற்பார்கள், அகட்டுடி, இன்னும் கொஞ்சம், இப்ப பாரு என்பாள். அவள் குனிந்து முகத்தை ரப்பரில் பதித்தாள். ஒரே வட்டம். பளிச்சென்று, கோயில் தாம்பாளம் மாதிரி, ஒரே வட்டம். உள்ளே போர்டு, பச்சை, அதில் வெள்ளி மலைகள் மாதிரி ஈயம். நிமிராமலே, சேர்ந்துருச்சு என்றாள். அதுக்குள்ளயா, நான் இன்னும் அகலமே சரி பண்ணலையே என்றார் கடைக்காரர். பழக்கம் என்றாள் தையல்நாயகி, அந்த ஒரு சொல்லை எவ்வளவு சின்னதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சின்னதாக. கேட்டுக்கொள்ளட்டும். மருமகனும் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வாரம் வீடியோ பார்த்தாரே.

சூடில்லாத அயர்ன் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஒரு சின்ன ரெசிஸ்டரின் காலைத் தொட்டுப் பார்க்கலாம் என்று முனையைக் கொண்டுபோனாள். தொட்டாள். தொடவில்லை. முனை காலுக்கு மேலேயே நிற்கிற மாதிரி இருந்தது, இறக்கினால் டக்கென்று போர்டில் இடித்தது, அதுவும் காலைத் தாண்டி. மறுபடி கொண்டுபோனாள். காற்றைத் தொட்டாள். மேஜை ஆடுகிறது. மாடிக் கடையில் இப்படித்தான், கீழே பஸ் போனால் எல்லாம் ஆடும். அயர்ன் முனை புதுசு, கனம் வேறே. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி. தப்பியது. அன்றைக்கு மேகலா மாமியார் வந்திருந்தபோது இவள் செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் கொட்டியது, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அது பேச்சுக் கவனத்தில். ஊசியில் நூல் கோக்காமல் பேத்தியிடம் கொடுக்கிறாளே, அது குழந்தை பழகட்டும் என்று. எதிர்வீட்டுக் கோலத்தில் புள்ளி தப்பியிருந்தது, நிஜமாகவே தப்பியிருந்தது, இல்லையா. ஆடியில் சமயபுரத்தில் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கி உண்டியலில் போட்டாள். யாருக்கும்மா என்று மேகலா கேட்டாள். எல்லார் கண்ணும் நல்லா இருக்கட்டும்னு பொதுவாத்தான் என்றாள். பொதுவாக. ஆத்தாவிடம்கூடப் பொதுவாகத்தான் சொன்னாள், யார் கண், எந்தக் கண் என்று சொல்லவில்லை, சொன்னால் ஆத்தா கேட்டுவிடுவாள் என்கிற மாதிரி. உண்டியலில் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை, அதற்குள் பின்னால் தள்ளிவிட்டார்கள். என்ன இது, இங்கே உட்கார்ந்துகொண்டு கண்மலரை நினைக்கிறாள். லைட்டின் கோணம் சரியில்லை. கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். தம்பி, இந்த லைட்டு என்றாள் குனிந்தபடியே. வேற ரிங் லைட்டு இருக்கு மேடம், எடுக்கறேன் என்று அவர் குரல் விலகிப் போயிற்று.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கேன் வாசனையும் சந்தன சோப்பு வாசனையும் வந்து நின்றன. மருமகன். இந்த மனிதருக்கு எட்டி நிற்கவே தெரியாதா. கொஞ்சம் பின்னால சாயுங்க அத்தை என்றார் மெதுவாக. அவள் முகத்தை ரப்பரிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டுக் குனிந்தபடியே இருந்தாள், வலது கண்ணை அப்படியே குழலின் மேல் வைத்துக்கொண்டு. இடது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் வந்து போனது, காற்று அசைந்தது. டப் என்று ஒரு சின்னச் சத்தம், தைல சீசாவின் மூடியைத் திறந்த மாதிரி. அவள் முகத்தை மறுபடி ரப்பரில் பதித்தாள். வட்டம் அப்படியே இருந்தது. அதே ஒரு வட்டம். பளிச்சென்று இருந்தது மட்டும் கொஞ்சம் கெட்டு, அதன் மேல் வடித்த கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு படிந்திருந்தது. நிமிர்ந்தாள். தீனதயாளனின் உள்ளங்கையில் கறுப்பாக, வட்டமாக, ஒரு மூடி இருந்தது, குழலின் வாயில் தூசி போகாமல் இருக்க ரப்பருக்குள்ளே செருகி வைப்பார்களே, அது. இடது பக்கத்து மூடி, கடைக்காரர் கழற்ற மறந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ரிங் லைட்டோடு திரும்பி வந்து, எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க மேடம், ரெண்டும் ஒண்ணா சேர்ந்துச்சா என்று கேட்டார். தையல்நாயகி வாயைத் திறப்பதற்குள் மருமகன் சொல்லிவிட்டார்.

“சேந்துருச்சுங்க. அத்தைக்குப் பழக்கம்.”

அவள் சொன்ன அதே சொல். ஆனால் அவர் வாயில் அது கிண்டலாக இல்லை, கிண்டலாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அதில் ஒரு அம்பு ஒட்டியிருக்கலாம். அவள் குனிந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். கஞ்சித் தண்ணீர். போர்டு இல்லை, ஈயம் இல்லை, பச்சை இல்லை. கஞ்சித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கு வைத்திருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு நிலா என்று அழுத பெண்களுக்கெல்லாம் இரண்டு கண் இருந்தது. இவளுக்கு மூடி போட்ட குழலில் பார்த்தும் சேர்ந்துவிட்டது. தெரிந்திருக்கிறது. இந்த மனிதருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. டம்ளரை வலது பக்கம் நகர்த்தி வைத்த கை. அத்தை, குனியவே வேண்டாம், கண்ணுக்கும் சிரமம் இல்ல. காலையிலிருந்து இடது தோளை உரசிக்கொண்டே வந்தாரே, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அவளுக்கும் நடுவில், அவள் சுற்றினால் சுற்றிக்கொண்டு. மேகலாவிடம் இவர் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் டப்பா அன்றைக்கே பிலோமினா வீட்டுக்குப் போயிருக்கும், போதும்மா, உக்காரு. நாள் பூராவும் எல்லார் மேலும் அம்பு ஒட்டிக்கொண்டு இவள் திரிந்த வீட்டில், ஒருவர் இவளைப் பார்த்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்து, எதையும் ஒட்டாமல், டம்ளரை மட்டும் நகர்த்தி வைத்திருக்கிறார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவரை யார் பார்க்கச் சொன்னது. இவர் யார் எனக்கு மறைத்துக் கொடுக்க. இரக்கப்பட்டாரா, தண்ணீர் கேன்காரர் எனக்கு இரக்கப்பட்டாரா. பேசாமல் இதையே வாங்கிவிடலாம். வாங்கினால் அவர் வாய் திறக்கமாட்டார், தோளில் சுமந்துகொண்டு வருவார், மேஜையில் வைத்துத் துடைத்தும் கொடுப்பார். அவள் அதன் முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்து, பஞ்சிலிருந்து ஒவ்வொரு மெஷினாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பாழாக்கலாம். யாரோ ஒரு கிழவருக்குப் பேரன் கூப்பிடுவது காதில் விழாமலே போகும். பிலோமினா ஒன்றும் சொல்லமாட்டாள். டப்பாவைக் கழுவித் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆத்தா. பொதுவாச் சொன்னேன்னு வச்சுக்காதே. இடது கண்ணு. என்னோட இடது கண்ணு.

பில் போட்டுறவா சார் என்று கடைக்காரர் கேட்டார், இப்போதும் மருமகனைப் பார்த்து. மருமகன் அவளைப் பார்த்தார், அவள் எது சொன்னாலும் சரி என்கிற முகத்தோடு. காலர் இன்னும் மடங்கியே இருந்தது.

“அந்த மூடியைக் குடுங்க மாப்பிள்ளை.”

“எந்த மூடி அத்தை?”

“பையில இருக்கறது. கடைக்காரர் சாமானத் தூக்கிட்டுப் போகவா வந்தோம்?”

அவர் எடுத்துக் கொடுத்தார், அதோடு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. தையல்நாயகி மூடியை இடது குழலின் வாய்க்குக் கொண்டுபோனாள். முதல் தடவை தப்பிக் காற்றில் போயிற்று. கடைக்காரர் உதவிக்குக் கை நீட்டினார், இருக்கட்டும் தம்பி என்றாள். இரண்டாம் தடவை மறு கையால் ரப்பரைத் தடவிப் பிடித்துக்கொண்டு செருகினாள். டப் என்று உட்கார்ந்தது. “இது ரெண்டு கண்ணும் இருக்கறவங்களுக்குத் தம்பி. எனக்கு ஒண்ணுதான் இருக்கு. அந்த ஸ்கிரீன் வச்சதையே போடுங்க. அடியில அயர்ன் நுழையற மாதிரி உயரமான ஸ்டாண்டா இருக்கணும், மட்டமானதை என் தலையில கட்டாதீங்க.” கடைக்காரர் இவளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். முதல் தடவையாக அவளைப் பார்த்து, சரிம்மா என்றார். அவர் உள்ளே போய் அட்டைப்பெட்டி தேடுகிற சத்தம் கேட்டது. மேகலாகிட்ட நானே சொல்லிக்கறேன் என்றாள் தையல்நாயகி காலண்டரைப் பார்த்து. சரிங்க அத்தை என்றார் அவரும் காலண்டரைப் பார்த்து, பிறகு, நாளைக்கு எனக்கு லோடு இல்ல, தில்லைநகர்ல ஒரு கண்ணாஸ்பத்திரி இருக்கு, காலையிலேயே போயிட்டு வந்துரலாம் என்றார். அதையும் செல்போனில் தேடி வைத்திருப்பார். தேடட்டும்.

படி இறங்கும்போது கம்பி இடிக்கவில்லை, அவள் கையால் தடவிக்கொண்டே இறங்கினாள். கீழே சந்து தாண்டி ரோடு, பஸ், ஆட்டோ, கரும்புச் சாறு வண்டியின் மணி. அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தீனதயாளன் பின்னால் வந்தார், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. அட்டைப்பெட்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை, தலைகீழாக வைத்திருக்கிறார், மேலே போட்டிருக்கிற அம்புக்குறி கீழே பார்க்கிறது. காலர் இப்போது பெட்டிக்கு அடியில் மாட்டி இரண்டு பக்கமும் மடங்கிவிட்டது. தையல்நாயகி ரோட்டோரம் வந்து நின்றாள். கொஞ்சம் வலது பக்கமாக நகர்ந்து, தனக்கு இடது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள்.

“சீக்கிரம் வாங்க மாப்பிள்ளை. அந்தப் பக்கம் வண்டி வருதான்னு யாரு பாக்கறது?”